நீ பேசியதாக நான் சொன்னவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் தங்கையும் நலம். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபடி நலம், அம்மாவுக்குள் இருப்பவர் புரண்டு புரண்டு நலம் என்று போன புதன்கிழமை டாக்டர் சொன்னார். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாயா என்று எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை, அதனால் நலமாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொண்டு மேலே போகிறேன். இது ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறை. புதுக் கம்பிக் கயிறு மாட்டியிருக்கிறேன், ஒரு மணி நேரம் ஆளை ஏற்றாமல் மேலும் கீழும் ஓடவிட்டு இழுவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் உட்கார்ந்து, சோதனை அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கிரீஸ் கறை பட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. போனிலேயே எழுதியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் வந்தால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, அப்புறம் படிக்கலாம் என்று மூடிவிடுவாய், அந்த அப்புறம் வராது. காகிதம் என்றால் மேஜைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் எடுப்பாய்.

நீ போனை வைத்துப் பதினொரு வாரம் ஆகிறது. "இந்த வயசுல உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையாப்பா, நான் இங்க ரெண்டு ஷிஃப்ட் பாக்கறது இதுக்குத்தானா" என்று கேட்டாய். கேட்ட கையோடு வைத்துவிட்டாய். அன்றைக்குப் போன் ஸ்பீக்கரில் இருந்தது, அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அம்மா அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, இன்னும் காயாத பாலை அப்படியே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கேட்டதில் பாதி நியாயம், மீதிப் பாதியும் நீ களைத்துப்போய்க் கேட்டது. அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டிருக்கிறேன், லிஃப்டின் கூரைமேல் தனியாக நின்று எண்ணெய் விடும்போது வேறு என்னதான் செய்வது.

உனக்கு நாங்கள் எதையும் முழுசாகச் சொல்லவும் இல்லை. ஒரு அப்பா மகளுக்கு எழுதுகிற விஷயமா இது என்று கை கூசுகிறது, ஆனால் நீ அந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் தினம் பத்து உடம்பைக் குளிப்பாட்டித் துடைத்து உடை மாற்றுகிறவள், உனக்கு என்ன கூச்சம். அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது, நின்றுபோகிற வயசு வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். களைப்பாக இருக்கிறது, கால் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே திரைச்சீலைக் கடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கடைக்கார அம்மாதான் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்க் காட்டு என்று துரத்தினாள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார், நாலரை மாதம். இந்த வயதில் என்னென்ன சிக்கல் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு வாரம் யோசித்துவிட்டு வாங்க என்று அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம், மூன்று பஸ்ஸைப் போகவிட்டோம். கடைசியில் அவள், "வேணும்னு சொல்லத் தைரியம் இல்லங்க, வேணாம்னு சொல்லவும் வாய் வரலை" என்றாள். நான், "பஸ் வருது, ஏறு" என்றேன். எங்கள் முடிவு அவ்வளவுதான். இதைவிட நன்றாக யோசித்து முடிவெடுத்தோம் என்று உன்னிடம் சொல்ல ஆசைதான், ஆனால் நடந்தது இது.

வீட்டில் சொன்னபோது ஒட்டகம் இரண்டு நாள் பேசவில்லை. (உன் தம்பியின் பெயரே இப்போது அதுதான், நீ வந்தால் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும், கதவு நிலையில் இரண்டு தடவை இடித்துக்கொண்டான்.) மூன்றாவது நாள் வந்து, இது அவன் வகுப்பில் யாருக்காவது தெரிய வேண்டுமா என்று கேட்டான். நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன் என்றேன், அப்புறம்தான் சாப்பிட்டான். தங்கை வாலு, "இனிமே நான் கடைசி இல்லல்ல? அப்ப நானும் யாரையாவது திட்டலாம்ல?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே திட்டுவதற்குப் பயிற்சி எடுக்க ஆரம்பித்துவிட்டாள், பொம்மைகள் பாடு திண்டாட்டம். இன்னொன்றும் கேட்டாள், புதுசுக்கும் பாப்பா என்றுதானே பெயர் வரும் என்று. அம்மா, "இந்த வீட்டுல ஒரு பாப்பாதான், அது வேலைக்குப் போயிருக்கு. இதுக்கு வேற பேரு பாக்கணும்" என்றாள்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரியாத வீடா, ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைக்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஒரு கூடம், ஒரு அறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய சமையலறை. அறையில் உன் கட்டில் இருந்த மூலையில் சுவர் ஓதம் அடிக்குமே, மேல் வீட்டுக் குளியலறைக் குழாயிலிருந்து கசிந்து, அது இன்னும் பரவியிருந்தது. அந்தச் சுவர் ஓரம் குழந்தையைப் போட முடியாது என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். இரண்டு சனிக்கிழமை சுரண்டினேன், செங்கல் தெரிகிற வரைக்கும். மேல் வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் குழாயை மாற்றவைத்து, சிமெண்ட் பூசி, காயவிட்டு, தண்ணீர் இறங்காத பெயிண்ட் இரண்டு கை அடித்திருக்கிறேன். இப்போது வீட்டிலேயே நல்ல சுவர் அதுதான், மற்ற மூன்று சுவர்கள் அதைப் பார்த்து வெட்கப்படுகின்றன.

அறையை நடுவில் தடுக்க அம்மா ஒரு திரை தைத்தாள், கடையில் மிஞ்சிய துணியில். பாதி நீலம், பாதி சாம்பல், சேர்த்த இடம் தெரியாது, அவள் கை அப்படி. தொங்கவிட நான் ஒரு பழைய லிஃப்ட் கதவின் மேல்தண்டவாளத்தைக் கொண்டுவந்து பொருத்தினேன், கழித்துப்போட்டதுதான், கேட்டுத்தான் எடுத்தேன். ஒரு விரலால் தொட்டால் சத்தமில்லாமல் ஓடி மூடிக்கொள்கிறது. வாலு ஒரு நாள் முழுக்க, "கதவு மூடுகிறது, கதவு மூடுகிறது" என்று அறிவித்துக்கொண்டே இழுத்தாள். கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரர் தன் பேரன் படுத்த கம்பித் தொட்டிலைக் கொடுத்தார், ஒரு பக்கம் ஆடியது, போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன், இனி அதில் குழந்தையைத் தவிர எதுவும் ஆடாது. லிஃப்டுக்குள் ஒரு பலகை ஒட்டியிருக்குமே, ஆறு பேர், நானூற்று எட்டு கிலோ என்று. அதைப்போல ஒன்று நம் வாசலில் ஒட்டிவிடலாம், ஆள் கணக்கு சரியாக வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "ஆறாவது ஆளு எப்ப வருவான்னு தெரியலையே" என்றாள். அவள் சொன்னது உள்ளே இருப்பவரை இல்லை, உன்னை.

இன்னொன்று, இதை நீ நம்ப வேண்டும். உன் அலமாரித் தட்டை யாரும் தொடவில்லை. குழந்தைத் துணிக்கு இடம் வேண்டுமே என்று நான்தான் உன் புத்தகங்களைக் கட்டி மேலே வைக்கலாமா என்று கேட்டேன். அம்மா ஒரேயடியாகக் கூடாது என்றுவிட்டாள். "அவ வந்து திறந்து பாத்தா அங்க வேற யாரோட துணியாவது இருக்கணுமா" என்றாள். அதனால் என் கருவிப் பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டன, குழந்தைத் துணி என் தட்டுக்கு வந்துவிட்டது. முதல் வாரம் எல்லாத் துணியிலும் லேசாக எண்ணெய் வாசனை, இரண்டு தடவை துவைத்தேன், இன்னும் போகவில்லை. வந்து பிறக்கிறவர் அப்பா வாசனையைப் பழகிக்கொள்ளட்டும்.

செலவைப் பற்றி நீ கவலைப்படுவாய், அதுதானே உன் கேள்வியே. அம்மாவின் சம்பளம் ஐந்து வாரமாக இல்லை. நான் அவசர அழைப்பு வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கூப்பிடுவார்கள், போய்த் திறந்துவிட வேண்டும். ஸ்கூட்டரை விற்றுவிட்டேன், பஸ்ஸில் போகிறேன், ஒருவிதத்தில் நல்லதுதான், தொப்பை குறைகிறது. ஒட்டகம் வந்து, ட்யூஷனை விட்டுவிடுகிறேன் என்றான். அதை விட்டால் நான் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறேன். வாலு செலவுப் பட்டியல் ஒன்று எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள், பால், சோப்பு, துணி நாப்கின் என்று வரிசையாக, கடைசியில் அக்கா வந்தால் ஐஸ்கிரீம் என்று ஒரு வரி. போன மாதம் ஒரு வார்த்தை எழுதாமல் வழக்கமாக அனுப்புவதைப் போல இரண்டு மடங்கு அனுப்பியிருந்தாய். அதை எடுக்கவில்லை, அதற்கு முந்தின மாதத்துப் பணத்தையும் எடுக்கவில்லை. உன்மேல் உள்ள வீம்பு என்று நினைக்காதே. இந்தக் குழந்தை உன் இரண்டாவது ஷிஃப்டில் வளர்ந்தது என்று உனக்கு எப்போதும் தோன்றக் கூடாது, அதற்குத்தான். இந்த மாதத்திலிருந்து அந்த இரண்டாவது ஷிஃப்டை விட்டுவிடு. நாங்கள் சமாளிப்போம், சமாளிக்கிற மாதிரிதான் எல்லாம் செய்து வைத்திருக்கிறேன்.

என்ன, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. ஒட்டகம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படிக்கிறான், வாலு சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறாள். எனக்குச் சாப்பாடு நின்றபடிதான், உட்கார்ந்தால் எதிரே நாற்காலி காலியாக இருக்கிறது. இருபத்து நான்கு வருஷமாக ஒரு சாமானையும் நானாகத் தேடி எடுத்ததில்லை, உப்பு எங்கே, சாவி எங்கே என்று குரல் கொடுத்தால் போதும், எங்கிருந்தாவது பதில் வரும். போன வாரம் பழக்கத்தில் கத்தரிக்கோல் எங்கே என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றும்விட்டேன்.

அவசர அழைப்பில் ஒருநாள் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில். விளக்கும் அணைந்துவிட்டது. மூச்சு முட்டுகிறது என்று அழுதாள். பிரேக்கை விடுவிக்க நான் ஒருவனே மேலே ஏறி இறங்க வேண்டியிருந்தது, நாற்பது நிமிஷம் ஆனது, இடையிடையே கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தேன். பயத்தை மறக்க அவளும் ஏதேதோ கேட்டாள். "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டாள். நாலு என்றேன். வாய்விட்டு அந்த எண்ணை நான் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் முகம் தெரியாத ஒருத்தியிடம், இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு. அவள், "குடுத்து வச்சவர்" என்றாள். கதவு திறந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியில் ஓடிவிட்டாள். அதில் தப்பு இல்லை, நானாக இருந்தாலும் ஓடத்தான் செய்வேன். ஆனால் அந்த நாற்பது நிமிஷம்தான் அந்த வாரத்தில் நான் அதிகம் பேசியது.

இவ்வளவு நேரம் சுவரையும் திரையையும் எழுதிக்கொண்டிருப்பது, சொல்ல வேண்டியதற்கு வராமல் சுற்றிக்கொண்டிருப்பதற்காகத்தான். இனிமேல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், அதில் உன்னையும் இழுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, காலும் முகமும் வீங்கி, குழந்தையை வெளியே எடுக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள், இதை உனக்குச் செய்தியாக அனுப்பினேன். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று ஒரு வரி பதில் அனுப்பினாய். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இருபத்து நான்கு கட்டில் போட்ட வார்டு, அம்மாவுக்குத் தூண் ஓரத்துக் கட்டில், இடது பக்கமாக ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும், அதனால் அவள் பார்ப்பது நாள் முழுக்க அந்தத் தூணைத்தான். ஆம்பளைகளுக்குப் புதன், ஞாயிறு, மாலை நாலு முதல் ஆறு வரைக்கும்தான் அனுமதி. படுத்திருப்பவர்களிடம் செல்போன் இருக்கக் கூடாது, பார்க்க வருகிறவர்களும் வார்டுக்குள் போனில் பேசக் கூடாது. குழந்தை உதைப்பதை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குத் திரைச்சீலைக் கொக்கி பத்தை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள், ஒரு உதைக்கு ஒரு கொக்கி இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள், உங்க வீட்டம்மா இரண்டு நாளாகத் தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறாள் என்று. கட்டிலுக்குப் போனேன். அம்மா என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, பாப்பா. "காலைல அவ பேசினா" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுந்து உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தும் எழுந்துவிட்டாள். என்ன சொன்னா, என்ன சொன்னா என்று கேட்டாள். அம்மா எப்படி இருக்காங்க, மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களான்னு கேட்டா என்றேன். தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். முழுசாகச் சாப்பிட்டாள், எனக்கு முன்னாலேயே.

அப்புறம் எப்படி நிறுத்துவது. புதன்கிழமை போனால் கேட்பாள், ஞாயிற்றுக்கிழமை போனால் கேட்பாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அன்றைக்கு நீ என்ன பேசினாய் என்று யோசித்துக்கொண்டே போவேன். நீ என்னென்ன பேசியிருக்கிறாய் என்று உனக்கே தெரிய வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன். உங்கள் இல்லத்தில் ஒரு பாட்டியம்மா கரண்டியை ஒளித்துவைப்பாள் என்று எப்போதோ சொன்னாயே, அவளுடைய தலையணை உறைக்குள் பதினொரு கரண்டி இருந்ததாகச் சொன்னாய், அம்மா சிரித்து அடுத்த கட்டில்காரியிடமும் சொன்னாள். குளிருக்குக் கோட்டு வாங்கினாய். என்ன நிறம் என்று கேட்டாள், பச்சை என்றேன், பச்சை அவளுக்குப் பிடிக்காதே என்றாள், தள்ளுபடியில் அதுதான் இருந்ததாம் என்று சமாளித்தேன். பக்கத்து அறைப் பெண்ணோடு சேர்ந்து சமைக்க ஆரம்பித்திருக்கிறாய், உப்பு அதிகம் போடுகிறாய். ஒட்டகத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாய். ஒரு நாள் எதுவும் தோன்றவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், என் அலமாரித் தட்டைக் குழந்தைக்கே குடுத்துடுங்கப்பா என்று நீ சொன்னதாக. அம்மா ரொம்ப நேரம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ மன்னிப்புக் கேட்டதாக மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போக எனக்கு மனசு வரவில்லை.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, நீ பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டாய் என்று ஆரம்பித்தேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து, "என்னங்க, போதும்" என்றாள். "மொத நாளே தெரியும். அம்மா எப்படி இருக்காங்க, சாப்பிடறாங்களான்னு கேட்டாளாம். அவ என்னைக்கு எனக்கு 'ங்க' போட்டிருக்கா? பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நீ, வா, போதான்" என்றாள். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். "நீங்க ஒத்தை ஆளா உக்காந்து எனக்காக யோசிச்சுட்டு வர்றீங்க, அதை ஏன் கெடுக்கணும். அதோட கேக்க நல்லாத்தான் இருந்துது" என்றாள். அடுத்த கட்டில்காரி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள், நல்ல மனுஷி.

நேரம் முடிகிற மணி அடித்துவிட்டது. நான் எழுந்தேன், அம்மா கையை விடவில்லை. "இனிமே அவ சொன்னதா எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். நான் சொன்னதா அவகிட்ட சொல்லுங்க" என்றாள். அதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க. ஆபரேஷனுக்குப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, படிச்சுப் பாத்தேன், படிச்சிருக்கக் கூடாது. அவளைப் பெத்தப்ப எனக்கு இருபத்தொண்ணு, ஒண்ணும் தெரியாததால தைரியமா இருந்தேன். இப்ப எல்லாம் தெரியுது. உங்ககிட்ட சொன்னா நீங்க உடைஞ்சுடுவீங்க. சின்னதுங்ககிட்ட சொல்ல முடியாது. அவ ஒருத்திதான் தாங்குவா, அதான் அவகிட்ட சொல்லச் சொல்றேன்."

பார், என்னிடம் சொல்ல முடியாது என்று என்னிடமே சொல்லி அனுப்புகிறாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன், நான் உடையவில்லை. பஸ் ஏறினேன். வழக்கமாக யோசித்துக்கொண்டு போக ஏதாவது இருக்கும், அன்றைக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி காலையில் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் உனக்கு வந்துசேர ஒன்பது நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், அதற்கு மேலும் உனக்குப் பத்து நாள் இருக்கிறது. நீ புறப்பட்டு வர வேண்டாம், டிக்கெட் விலை எனக்குத் தெரியும், அவர்கள் விடுப்புத் தர மாட்டார்கள் என்பதும் தெரியும். நர்ஸிடம் கேட்டுவிட்டேன், வெளிநாட்டுப் போன் என்றால் பார்வை நேரத்தில் மேஜைப் போனிலேயே பேசவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், சக்கர நாற்காலியில் அம்மாவைக் கூட்டி வருவாள். எண்ணைத் தனிச் சீட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். என்ன பேசுவது என்று தயங்கிப் பேசாமல் இருந்துவிடாதே. நான் சொன்ன பொய்யை எல்லாம் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. தைரியம் சொல்லத் தெரியவில்லை என்றால் சொல்லாதே. கோபம் இன்னும் தீரவில்லை என்றால் கோபமாகவே பேசு, என்னிடம் கேட்டதை அவளிடமே நேரடியாகக் கேள், திட்டுவதாக இருந்தாலும் திட்டு. நான் உன் வாயில் வைத்த மரியாதையான பேச்சை ஐந்து வாரம் கேட்டு அவள் அலுத்துப்போயிருக்கிறாள். நீ திட்டினால் உன் குரல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

கயிறு சரியாகத்தான் இருக்கிறது, இனி ஆளை ஏற்றலாம், கீழே காத்திருக்கிறார்கள். எந்தக் குறையும் வராமல் நீ நூறு வயது நன்றாக இரு, உன் கை எடுத்ததெல்லாம் நல்லபடி முடியட்டும், அப்பா அம்மா இருவர் ஆசியும் உன் தலைமேல் எப்போதும் உண்டு. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே, கால் உறை ஈரமாக இருந்தால் போட்டுக்கொண்டு திரியாதே. மறந்துவிடாதே, இங்கே புதன், ஞாயிறு மாலை நாலு மணி என்றால் அங்கே உனக்கு விடிகிற நேரம், அலாரம் வைத்துக்கொள்.

உன் அன்பு
அப்பா